சரக்கின் மெய்யும் பொய்யும்: மூலிகை மருந்துக் கலப்படமும் இரசாயன சோதனையும்

(நமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் அங்கத்தினர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



இவ்வாண்டுக் கூட்டத்தில் ஏதேனும் ஒரு விஷயத்தைப்பற்றிப் பேசவேண்டுமென்று காரியதரிசி அவர்கள் எனக்குக் கடிதம் எழுதியபோது, நான் சற்றுத் தயங்கினேன். மேடையேறிப் பேசும் வன்மை எனக்கில்லை. இரசாயன சாலையில் கண்ணாடிக் குழாய்களோடு காலங்கழித்தவன் நான். ஆயினும் நம்மவரிற் பலர் தலைமுறை தலைமுறையாக நாட்டு மருந்துச் சரக்கு வியாபாரம் செய்து வருபவர். மற்றுள்ளோர் வீடுகளிலும் சுக்கும் திப்பிலியும் இல்லாத அஞ்சறைப் பெட்டி இராது. ஆகையால் நான் கற்ற வித்தையும் நம் குலத்தார் செய்யும் தொழிலும் சந்திக்கும் இடமாகிய இவ்விஷயத்தையே எடுத்துக்கொண்டேன். குற்றமிருப்பின் பொறுத்தருளவேண்டும்.

சொல்லவேண்டுவதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூலிகை மருந்தில் கலப்படம் உண்டா இல்லையா என்பதைக் கண்ணும் மூக்கும் நாவும் மட்டும் கொண்டு தீர்மானித்த காலம் கடந்துவிட்டது. நெடுநாட் பழக்கத்தால் வந்த நம்பிக்கையும் அதற்குப் போதாது. இரசாயன சோதனை வேண்டும். அச்சோதனையின் முடிவு நமக்கு விரோதமாக வந்தபோதிலும் அதனை ஏற்றுக்கொள்ளும் மனத்திடமும் வேண்டும். இவ்விரண்டில் இரண்டாவதே அரிது.

என் தந்தையார் கடையில் நிகழ்ந்தது

இதனை நான் புத்தகத்தில் மட்டும் படித்தறிந்தேனல்லேன். என் தந்தையார் ஒரு சிறு நகரத்துச் சந்தைத் தெருவில் நாட்டு மருந்துக் கடை வைத்திருந்தார். சரக்கைக் கையிலெடுத்து முகர்ந்து பார்த்தே விளைந்த இடத்தைச் சொல்லும் திறமையுடையவர் என்று அக்கம்பக்கத்து வைத்தியர்கள் அவரை மெச்சுவார்கள். நான் கல்லூரியில் இரசாயனம் படித்துக்கொண்டிருந்த காலத்தில், என் அத்தையாருக்குப் பெரும்பாடு என்னும் உதிரப்போக்கு நோய் கண்டது. அதற்கு அசோகப் பட்டைக் கஷாயம் கொடுப்பது நம் நாட்டு வழக்கம். எங்கள் கடைச் சரக்கையே எடுத்துச் சென்று மூன்று மாதம் காய்ச்சிக் குடித்தார். நோய் நிற்கவில்லை. உடம்பு வெளுத்து, நாலு படி ஏறினால் மூச்சிரைக்கும் நிலைமைக்கு வந்தபின்னரே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசென்றோம். அங்கே இரத்தம் ஏற்றவேண்டியதாயிற்று. கர்ப்பப்பையிலிருந்த கட்டியையும் அகற்றினார்கள்.

எங்களுக்குப் பட்டை வாங்கும் மருத்துவச்சி ஒருவர் அச்சமயத்தில் கடைக்கு வந்து, “அண்ணாச்சி, இந்தத் தடவை பட்டை வேலை செய்யவில்லையே” என்றார். தந்தையார் அதைப் பொருட்படுத்தவில்லை. என் மனத்தில் மட்டும் அச்சொல் தைத்தது. ஒரு கைப்பிடிப் பட்டையை எடுத்துக்கொண்டு கல்லூரிக்குச் சென்றேன்.

எங்கள் ஆசிரியர் முதலில் கேட்ட கேள்வி இது: “இதை எதனோடு ஒப்பிடப் போகிறாய்?” எனக்கு விடை தெரியவில்லை. அவர் என்னைத் தாவர சாஸ்திர ஆசிரியரிடம் அனுப்பினார். அவர் ஒரு தோட்டத்துக்கு அழைத்துச்சென்று, கொத்துக் கொத்தாகச் செம்மஞ்சட் பூக்கள் பூத்திருந்த மரமொன்றைக் காட்டி, “இதுதான் மெய்யான அசோகு; சாராகா அசோகா என்பது இதன் சாஸ்திரப் பெயர்” என்றார். பின்பு கல்லூரி வாயிலில் வரிசையாக நெடிதுயர்ந்து நின்ற மரங்களைக் காட்டி, “இவற்றை ஊரார் அசோக மரம் என்கிறார்கள், இவை நெட்டிலிங்கம், பாலியால்தியா லாஞ்சிபோலியா என்னும் வேறு குடும்பத்து மரம்” என்றார். இரண்டிலிருந்தும் பட்டை எடுத்துக்கொண்டேன்.

முதலில் இரும்புக் குளோரைடுக் கரைசலைத் துளித்துளியாக விட்டுப் பார்த்தேன். மூன்று கஷாயங்களுமே கறுத்தன. துவர்ப்புள்ள பட்டை எதுவாயினும் பெரும்பாலும் அவ்வாறு கறுக்கும். ஆகையால் அச்சோதனை ஒன்றும் சொல்லவில்லை. பின்பு ஆசிரியர் மெல்லிய தகட்டுக் குரோமட்டோகிராபி என்னும் முறையைக் கற்பித்தார். மையொற்றும் காகிதத்தின் ஓரத்தில் மைத்துளி வைத்து நீரில் முனையை நனைத்தால், நீர் ஏற ஏற மையிலுள்ள நிறங்கள் தனித்தனியே பிரிந்து நிற்பதைச் சிறுவயதில் பார்த்திருப்பீர்கள். தத்துவம் அதுவே. சிலிக்கா ஜெல் என்னும் வெண்ணிறப் பொடியை மெல்லியதாகப் பூசிய கண்ணாடித் தகட்டின் அடியில் மூன்று பட்டைகளின் சாற்றையும் பக்கம் பக்கமாகப் புள்ளி வைத்து, தகட்டின் அடியைத் தக்க கரைப்பானில் நிறுத்தினோம். கரைப்பான் மேலேறும்போது பட்டையிலுள்ள பொருள்கள் தத்தம் இயல்புக்கேற்ப வெவ்வேறு உயரத்தில் தங்கின. தகட்டை உலர்த்தி, கந்தகத் திராவகம் சேர்ந்த மருந்தைத் தெளித்துச் சுடவைத்தவுடன், அதுவரை கண்ணுக்குத் தெரியாதிருந்த பட்டைகள் நிறநிறமாகத் தோன்றின.

தோட்டத்து அசோகின் வரிசை ஒரு விதமாயிருந்தது. எங்கள் கடைச் சரக்கின் வரிசையோ கல்லூரி வாயில் நெட்டிலிங்கத்தின் வரிசையோடு புள்ளிக்குப் புள்ளி ஒத்திருந்தது. நெட்டிலிங்கத்துக்கே உரிய கிளரோடேன் என்னும் இனத்துப் பொருள்கள் அதில் இருந்தன; மெய் அசோகில் துவர்ப்புக்குக் காரணமான காட்டிசின் இனத்துப் பொருள்கள் நின்ற இடங்கள் வெறுமையாயிருந்தன.

வீட்டுக்கு வந்து சொன்னேன். தந்தையார் கோபித்தார். “தம்பி, முப்பது வருஷமாக எனக்குச் சரக்குப் போடுகிற மனுஷர் அவர். அவர் என்னை ஏமாற்றமாட்டார்” என்றார். அது மெய்யே, அந்தத் தரகர் ஏமாற்றவில்லை. மறுவாரம் அவரே வந்து, தாம் பிறந்த நாள்முதல் அந்த நெடிய மரத்தையே அசோகு என்று அறிந்திருப்பதாகச் சத்தியம் செய்தார். பொய் சொன்னவர் எவருமில்லை. பொய்ச் சரக்கு மட்டும் மூன்று வீடு கடந்து என் அத்தையாரின் கஷாயச் சட்டிக்கு வந்து சேர்ந்துவிட்டது.

அன்றிரவு தந்தையார் உண்ணவில்லை. விடிந்ததும் அம்மூட்டையைக் கடைக்குப் பின்புறம் கொண்டுபோய்க் கொளுத்தினார். பின்பு கணக்குப் புஸ்தகத்தை எடுத்து, அப்பட்டை வாங்கியவர் பெயர்களைக் குறித்துக்கொண்டு, வீடு வீடாகச் சென்று, “நான் கொடுத்தது அசோகு அல்ல, பணத்தைப் பெற்றுக்கொள்ளுங்கள், வைத்தியரிடம் காட்டுங்கள்” என்று சொல்லி வந்தார். சிலர் சிரித்தார்கள், சிலர் ஏசினார்கள். அவ்வாண்டு வியாபாரம் குறைந்தது. அதன்பின் எங்கள் கடையில் சரக்கு வாங்கியவர்கள் கடைசிவரை வேறு கடைக்குப் போகவில்லை.

மெய்ப் பட்டையைக் கொடுத்திருந்தால் அத்தையாருக்குக் குணமாகியிருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. அந்தக் கட்டிக்குக் கஷாயம் போதாது என்பதே என் கருத்து. ஆனால் பொய்ச் சரக்கு விஷமாக இல்லாவிடினும் மெய்ச் சிகிச்சைக்குரிய காலத்தைத் திருடிவிடுகிறது என்பதை அன்று உணர்ந்தேன்.

பெயர் மயக்கம் உயிரைக் குடித்த கதை

எங்கள் வீட்டில் நேர்ந்த பிழை விஷமற்ற பிழை. அதே பிழை விஷத்தோடு நேர்ந்த இடமும் உண்டு. ஐரோப்பாவில் பெல்ஜியம் தேசத்துத் தலைநகராகிய பிரஸ்ஸெல்ஸில், உடம்பு இளைப்பதற்கென்று ஒரு வைத்திய நிலையத்தில் கொடுத்துவந்த மாத்திரையில் 1990-ஆம் ஆண்டுமுதல் சீன மூலிகைகளைச் சேர்த்தார்கள். அவற்றுள் ஒன்று ஸ்டெபானியா டெட்ராண்ட்ரா என்னும் கொடியின் கிழங்கு. சீனர் இதனை ஃபாங் ஜி என்பர். அரிஸ்டோலோக்கியா ஃபாங்சி என்னும் முற்றிலும் வேறான கொடியின் வேரையும் குவாங் ஃபாங் ஜி என்று அழைப்பர். பெயரின் ஒற்றுமையால் சரக்கு மாறிவிட்டது. ஒழுங்காக வேலை செய்துவந்த சிறுநீரகங்கள் சில மாதங்களில் சுருங்கிப்போன இளம் பெண்கள் ஆஸ்பத்திரிக்கு வரத்தொடங்கினார்கள். 1993-ஆம் ஆண்டில் வைத்தியர்கள் இதனை வெளியிட்டனர். பாதிக்கப்பட்டோர் தொகை நூற்றுக்கு மேற்பட்டது.

உண்மையை வெளிப்படுத்தியது இரசாயனமே. அம்மாத்திரைக்குரிய பொடிகளைத் தகட்டில் ஏற்றிச் சோதித்தபோது, ஸ்டெபானியாவில் இருக்கவேண்டிய டெட்ராண்ட்ரின் பெரும்பாலானவற்றில் இல்லை; அதற்குப் பதிலாக அரிஸ்டோலோக்கிக் அமிலம் என்னும் நஞ்சு இருந்தது. துன்பம் சிறுநீரகத்தோடு நிற்கவில்லை. சிறுநீரகம் செயலற்ற 39 பேருக்கு முன்னெச்சரிக்கையாகச் சிறுநீரகத்தையும் சிறுநீர்க் குழாயையும் அகற்றிப் பார்த்ததில், 18 பேருக்கு அப்பாதையில் புற்றுநோய் இருந்ததென்று 2000-ஆம் ஆண்டில் அறிவித்தார்கள். உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனத்தார் அரிஸ்டோலோக்கியா இனத்து மூலிகை மருந்துகளை மனிதர்க்குப் புற்றுநோய் விளைவிப்பவை என்று 2002-இல் வகுத்தனர்.

இவ்வினத்துச் செடிகள் நமக்கும் அந்நியமல்ல. நம் நாட்டு ஈசுரமூலியும் ஆடுதீண்டாப்பாளையும் அரிஸ்டோலோக்கியா இனமே. அவ்வமிலம் அவற்றிலும் உண்டு. ஆகையால் நம் கடைக்காரர் இவ்விரண்டையும் கேட்டவர்க்கெல்லாம் கட்டிக்கொடுக்கும் சரக்காகக் கருதலாகாது என்று பணிவுடன் எச்சரிக்கிறேன்.

கலப்படம் எத்தனை வகை

கலப்படம் என்றவுடன் பேராசைக்காரன் ஒருவன் இருட்டறையில் மண்ணைக் கலப்பதாகவே எண்ணுகிறோம். அதுவும் உண்டு. ஆனால் வகைகள் பல. ஒவ்வொன்றையும் பிடிக்கும் வலையும் வேறு.

முதலாவது, மேற்சொன்ன பெயர் மயக்கம். இதற்குத் துணைபோவது பற்றாக்குறை. மெய் அசோகு காடுகளில் குறைந்துவிட்டது. அழிவு நேரக்கூடிய மரங்களின் வரிசையில் உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தார் அதனைச் சேர்த்துள்ளனர். பட்டையை மரத்தைச் சுற்றி உரித்தால் மரமே பட்டுப்போகும். கேட்பவர் பலராகவும் மரம் சிலவாகவும் இருக்கும்போது, வேறு பட்டை அவ்விடத்தை நிரப்புவது இயல்பு.

இரண்டாவது, எடைக்காகச் சேர்ப்பது. மிளகில் பப்பாளி விதை கலப்பதைத் தாய்மார்கள் அறிவார்கள். நீரிலிட்டால் முற்றிய மிளகு அமிழும், பப்பாளி விதை மிதக்கும். இரண்டையும் சேர்த்துப் பொடித்துவிட்டாலோ கண் தோற்றுப்போகும். மிளகின் காரத்துக்குக் காரணமான பைப்பரின் என்னும் பொருளை டென்மார்க்குத் தேசத்து ஓர்ஸ்டெட் என்பார் 1819-ஆம் ஆண்டிலேயே பிரித்தெடுத்தார். பப்பாளி விதையில் அது கிடையாது. பொடியில் எத்தனை பங்கு பைப்பரின் என்று அளந்தால் கலப்பு வெளிப்பட்டுவிடும்.

மூன்றாவது, சத்திறக்கிய சக்கை. இலவங்கத்திலிருந்து தைலத்தை வடித்துக்கொண்டு, எஞ்சிய மொட்டை உலர்த்தி மீண்டும் சந்தைக்கு அனுப்புவார்கள். வடிவம் மெய், உயிர் இல்லை. தைலம் எவ்வளவு வருகிறது என்று வாலையில் வடித்து அளந்தால் தெரிந்துவிடும்.

நான்காவது, நிறமூட்டல். மஞ்சட் பொடிக்கு மெட்டானில் யெல்லோ என்னும் சாயம் சேர்ப்பதுண்டு. மஞ்சட் கரைசலில் உப்புத் திராவகம் சில துளி விட்டால் ரோஜா நிறம் தோன்றும். நீர் விட்டதும் அது மறைந்தால் மஞ்சளின் இயல்பு. நீர் விட்டும் மறையாது நின்றால் சாயம் உண்டென்பது குறிப்பு. திராவகம் பொல்லாதது, இதனைப் பழகியவர் செய்யவேண்டும், குழந்தைகள் நடமாடும் இடத்தில் செய்யலாகாது.

ஐந்தாவதும் மிகக் கொடியதுமானது, மூலிகை மருந்தில் ஆங்கில மருந்தை மறைத்து வைப்பது. இதைப்பற்றிப் பின்னர்ச் சொல்லுவேன்.

சோதனைச் சாலையில் நடப்பது

சரக்கு சோதனைக்கு வந்தால் முதலில் அதன் வடிவையும், உருப்பெருக்கிக் கண்ணாடியில் அதன் உட்கட்டமைப்பையும் பார்ப்பார்கள். பின்பு நிறுத்தெடுத்த பொடியை மூசையிலிட்டுச் சாம்பலாகும்வரை எரிப்பார்கள். ஒவ்வொரு சரக்குக்கும் சாம்பல் இத்தனை பங்குக்கு மேற்படலாகாது என்று விதியுண்டு. அச்சாம்பலை உப்புத் திராவகத்தில் கொதிக்கவைத்தால் செடிக்குரிய உப்புக்கள் கரைந்துபோம், மணல் கரையாது. கரையாதது மிகுந்திருந்தால் அங்கே மண் சேர்ந்ததென்பது நிச்சயம். நீரிலும் சாராயத்திலும் எத்தனை பங்கு கரைகிறது என்பதும் ஒரு அளவு. சக்கையாயின் அது குறையும். அதன்பின்னரே தகட்டுச் சோதனை.

இம்முறை பிறந்த வரலாறு நமக்கு உவப்பானது. மைக்கேல் ஸ்வெட் என்னும் ருஷிய தாவர சாஸ்திரி, 1903-ஆம் ஆண்டில் வார்ஸா நகரத்தில் நிகழ்த்திய பிரசங்கத்தில், குழாயில் பொடிகளை அடைத்து இலைச்சாற்றை ஊற்றி அதன் நிறங்களைப் பிரிக்கும் வித்தையை வெளியிட்டார். 1906-இல் அதற்குக் குரோமட்டோகிராபி என்று பெயரிட்டார். கண்ணாடித் தகட்டில் மெல்லிய பூச்சாகப் பூசிச் செய்யும் வழியை 1938-ஆம் ஆண்டில் கார்கோவ் நகரத்தில் இஸ்மாயிலாவும் ஷ்ரைபரும் கண்டறிந்தனர். அவர்கள் சோதித்தவை செடிகளிலிருந்து செய்த மருந்துகளே. ஆகவே இவ்வித்தை மூலிகைக்கு வெளியிலிருந்து வந்த அந்நியமன்று, மூலிகையிலேயே பிறந்தது. இன்று இந்திய சர்க்கார் வெளியிட்டுள்ள சித்த மருந்துச் சரக்கு நூலில் ஒவ்வொரு சரக்கின் தமிழ்ப் பெயரும், தாவரப் பெயரும், சாம்பல் அளவும், கரையும் அளவும் குறிக்கப்பட்டுள்ளன. தகட்டுச் சோதனையும் அதில் இடம்பெற்றுள்ளது.

ஈயமும் பாதரசமும்

உலோகங்களைத் தகடு காட்டாது. அதற்கு வேறு கருவி உண்டு. எக்ஸ் கதிரைப் பொருளின்மீது வீசினால், அதிலுள்ள ஒவ்வொரு உலோகமும் தனக்கேயுரிய கதிரைத் திருப்பி அனுப்பும். அக்கதிரைக்கொண்டு ஈயமா பாதரசமா என்று கையடக்கமான கருவியே சிறிது நேரத்தில் சொல்லிவிடும்.

இதன் பயனுக்கு நம் அயல்நாடாகிய வங்காளதேசம் நல்ல உதாரணம். மஞ்சள் கிழங்கு பளபளக்கவேண்டி ஈயக் குரோமேட் என்னும் மஞ்சட் சாயத்தைப் பூசும் வழக்கம் அங்கே பரவியிருந்தது. ஈயம் குழந்தைகளின் மூளையைக் கெடுப்பது; அதற்கு மணமுமில்லை, காட்டிக்கொடுக்கும் சுவையுமில்லை. 2019-ஆம் ஆண்டில் இது அம்பலமானபின், அதிகாரிகள் மொத்த வியாபாரச் சந்தைக்குக் கருவியோடு சென்று சோதித்து அபராதம் விதித்தனர், ஜனங்களுக்கும் எடுத்துரைத்தனர். சந்தை மஞ்சள் மாதிரிகளில் 2019-இல் நூற்றுக்கு 47 ஈயமுள்ளவையாயிருந்தன. 2021-இல் அத்தொகை பூஜ்யமாயிற்று. கலப்படம் கலியின் தர்மம், ஒழிக்கமுடியாது என்று சோர்வடைவோர் இதனைச் சிந்திக்கவேண்டும்.

நம் மருந்துகளும் இவ்விஷயத்தில் கேள்விக்கு உள்ளாயின. அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தைச் சுற்றிய கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேத மருந்துகளில் 14-இல் ஈயம், பாதரசம் அல்லது பாஷாணம் இருந்ததென்று 2004-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. ஏற்றுமதியாகும் மூலிகை மருந்துகள் அனைத்தையும் உலோகச் சோதனை செய்தே அனுப்பவேண்டுமென்று இந்திய சர்க்கார் 2006 ஜனவரி முதல் விதித்தது. பத்து லக்ஷம் பங்கில் ஈயம் 10, பாஷாணம் 3, பாதரசம் 1, காட்மியம் 0.3 பங்குக்கு மேற்படலாகாது.

இங்கே ஒரு நியாயத்தைச் சொல்லவேண்டும். செந்தூரத்திலும் பற்பத்திலும் உலோகம் சேர்வது சித்த வைத்திய முறைக்கே உரியது. அது இருக்கிறதென்று சீட்டில் எழுதி, தேர்ந்த வைத்தியர் அளவறிந்து கொடுப்பது ஒரு காரியம். அதன் நன்மை தீமையை ஆராய்வது தனி விவாதம். வெறும் மூலிகைச் சூரணம் என்று சீட்டு ஒட்டிய டப்பாவில் ஈயம் இருப்பது முற்றிலும் வேறு காரியம். அதற்குச் சமாதானம் கிடையாது.

மறைத்து வைத்த மருந்து

மூட்டுவலிக்கும் இளைப்புக்கும் ஒரு சூரணம் சாப்பிட்டேன். இரண்டே நாளில் பறந்துவிட்டது என்று சிலர் வியப்பதைக் கேட்டிருப்பீர்கள். அவ்வளவு வேகமான குணத்தைக் கண்டால் மகிழ்ச்சிக்கு முன் சந்தேகம் வரவேண்டும். டெக்ஸாமெதசோன், பிரெட்னிசலோன் முதலிய ஸ்டீராய்டு மருந்துகளை அரைத்துச் சேர்த்த மூலிகைப் பொடிகள் பல தேசங்களில் பிடிபட்டிருக்கின்றன. தெரியாமல் பல மாதம் உண்பவருக்கு முகம் வீங்கும், சர்க்கரை ஏறும், எலும்பு பலமிழக்கும். திடீரென்று நிறுத்தினாலோ உடம்பு தானே சுரக்கவேண்டியதைச் சுரக்கமாட்டாமல் ஆபத்து நேரும். ஆகையால் சந்தேகமுள்ளவர் தாமாகவே நிறுத்திவிடாமல், டப்பாவோடு வைத்தியரிடம் செல்லவேண்டும்.

வாலிபம் திரும்பும் என்று விளம்பரம் செய்யும் லேகியங்களில் சில்டெனாபில் என்னும் மருந்து மறைந்திருப்பது பலமுறை கண்டறியப்பட்டது. நெஞ்சு நோய்க்கு நைட்ரேட் மருந்து உண்பவர் அறியாமல் அதையும் உண்டால் இரத்த அழுத்தம் திடீரென்று வீழ்ந்து உயிருக்கே மோசம் வரும். அமெரிக்காவில் பி.சி.-ஸ்பெஸ் என்று பெயர் பெற்ற மூலிகை மருந்தொன்றில், இரத்தம் உறையாமற் செய்யும் வார்பரின் என்னும் மருந்து இருப்பது வெளிப்பட்டு, 2002-ஆம் ஆண்டில் அது சந்தையிலிருந்து திரும்பப்பெறப்பட்டது.

இத்தகைய களவைப் பிடிக்கத் தகட்டோடு மற்றொரு கருவியும் வேண்டும். கலவையைப் பிரித்து, பிரிந்த ஒவ்வொரு பொருளின் மூலக்கூறையும் நிறுத்துச் சொல்லும் நிறைமானி அது. கள்வரும் சும்மாயிருக்கவில்லை. சோதனைக்காரர் சில்டெனாபிலைத் தேடுகிறார்கள் என்றறிந்து, அம்மூலக்கூற்றில் ஒரு சிறு துண்டை ஒட்டி ஹோமோசில்டெனாபில் என்னும் புதுப்பொருளாக்கிக் கலந்தார்கள். 474 எடையுள்ள மூலக்கூறு 488 ஆயிற்று. அந்த 14 எடை வித்தியாசத்தையே தடயமாகக்கொண்டு சாஸ்திரிகள் அதனையும் பிடித்தனர்.

சோதனையும் ஏமாறும்

இரசாயனம் சொல்லிவிட்டால் வேதவாக்கு என்று நான் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்குத்தான் அது விடை சொல்லும். ஈயத்தைத் தேடாதவனுக்கு ஈயம் அகப்படாது. மேலே சொன்ன உப்புத் திராவகச் சோதனை மெட்டானில் யெல்லோவைக் காட்டும், ஈயக் குரோமேட்டைக் காட்டாது. ஜிங்கோ என்னும் மரத்து இலைச் சத்தில் பிளவோன் வகைப் பொருள் நூற்றுக்கு 24 பங்கு இருக்கவேண்டுமென்று அளவு வைத்தார்கள். அதை மட்டும் பார்க்கிறார்கள் என்றறிந்த சிலர், மலிவான ருடின் என்னும் பொருளைச் சேர்த்து எண்ணிக்கையைச் சரிக்கட்டினார்கள். எண் சரியாக வந்தது, மருந்து பொய்யாயிற்று. மொத்த எண்ணை நோக்காமல், ஒவ்வொரு பொருளும் எந்த விகிதத்தில் நிற்கிறதென்று முழு வரிசையையும் பார்த்தவர்களே அப்பொய்யைக் கண்டனர். டி.என்.ஏ. சோதனை செடியின் குலத்தைத் தெளிவாகச் சொல்லும். ஆனால் கொதித்து வடித்த சத்தில் டி.என்.ஏ. சிதைந்துபோவதால் அங்கே அது உதவுவது அரிது.

எல்லாவற்றுக்கும் மேலாக, எங்கள் ஆசிரியர் கேட்ட கேள்வி நிற்கிறது: “எதனோடு ஒப்பிடப் போகிறாய்?” பொன்னை உரைகல்லில் உரைத்தாலும் மாற்றறிந்த ஆணியோடு ஒப்பிட்டே மாற்றுச் சொல்லுகிறார்கள். அதுபோல, மெய்ச் சரக்கு ஒன்றை எங்கேனும் ஒருவர் காப்பாற்றி வைத்திருந்தாலன்றி எந்தச் சோதனையும் பேசாது.

நாம் செய்யவேண்டுவது

சட்டம் இல்லாமற் போகவில்லை. கர்னல் சோப்ரா தலைமையில் 1930-இல் ஏற்பட்ட மருந்து விசாரணைக் கமிட்டியின் பயனாக 1940-ஆம் ஆண்டின் மருந்துச் சட்டம் வந்தது. 1964-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் ஆயுர்வேத, சித்த, யுனானி மருந்துகளும் அதில் சேர்ந்தன. ஆனால் இன்ஸ்பெக்டர் வரும்வரை காத்திருப்பது வியாபாரிக்கு அழகல்ல. ஆகவே இச்சபைக்குச் சில வேண்டுகோள்கள் விடுக்கிறேன்.

கடை வைத்திருக்கும் சகோதரர்கள் சரக்கு வாங்கும்போது தமிழ்ப் பெயரோடு தாவரப் பெயரையும் எழுதிக் கேட்கவேண்டும். கூடியவரை பொடியாக வாங்காமல் முழுச் சரக்காக வாங்கவேண்டும். ஒவ்வொரு மூட்டையிலும் ஒரு பிடியை எடுத்து, தேதியும் விற்றவர் பெயரும் எழுதிக் கண்ணாடிக் குப்பியில் வைத்துக்கொள்ளவேண்டும். குறை நேர்ந்தால் எங்கிருந்து வந்ததென்று அறிய அதுவே சாட்சி.

சங்கத்தார், தாவர சாஸ்திரிகள் சோதித்து உறுதிசெய்த மெய்ச் சரக்குகளின் தொகுதி ஒன்றை நம் சங்கக் கட்டடத்திலேயே வைக்கவேண்டும். ஆண்டுதோறும் நம்மவர் கடைகளிலிருந்து சில மாதிரிகளை, கடைப்பெயர் எழுதாமல் எண் மட்டும் இட்டு, அரசினர் அங்கீகாரம் பெற்ற சோதனைச் சாலைக்கு அனுப்பவேண்டும். தனி ஒருவருக்குப் பாரமான கட்டணம் சங்கத்துக்குப் பாரமாகாது. கல்வி நிதியிலிருந்து இரசாயனமும் தாவர சாஸ்திரமும் பயிலும் மாணவருக்கும் மாணவிக்கும் ஆண்டுக்கு ஒருவராயினும் உதவி செய்யவேண்டும்.

கடைசி வேண்டுகோள் கடினமானது. அதனைச் சொல்லவே இவ்வளவு தூரம் வந்தேன். சோதனையில் நம்மவர் ஒருவரின் சரக்குப் பொய்யென்று வந்தால், நம்மவர் என்பதற்காக அதனை மறைக்கலாகாது. அறியாமற் செய்தவருக்கு வழி சொல்லிக்கொடுப்போம், நஷ்டத்தில் கைகொடுப்போம். அறிந்து செய்தவரைச் சங்கம் தாங்கக்கூடாது. ஒருவர் செய்த கலப்படம் ஊரார் வாயில் நம் அனைவர் பெயரிலும் எழுதப்படும் என்று அஞ்சுகிறோம். அது மெய்யே. ஆனால் அதனை மூடி மறைத்தோமானால் அவ்வெழுத்து அழியாத எழுத்தாகிவிடும். சிலிக்காத் தகடு எந்தக் குலத்தார் கடைச் சரக்கென்று பாராது. கஷாயம் குடிக்கும் நோயாளியின் சிறுநீரகமும் பாராது.

என் தந்தையார் காலமாகி ஆண்டுகள் பல ஆயின. கடையில் அவர் விட்டுச்சென்றவற்றுள் ஒரு சிறு குப்பி இருக்கிறது. தோட்டத்து அசோகின் பட்டைத் துண்டு அதனுள் இருக்கிறது. நான் கல்லூரியிலிருந்து கொண்டுவந்து கொடுத்தது. அதன்மேல் அவர் தம் கையால், “மெய்ச் சரக்கு, விற்பனைக்கு அல்ல” என்று எழுதி ஒட்டியிருக்கிறார். சங்கத்தார் மேற்கண்ட தொகுதியை ஏற்படுத்துவதாயின், அதன் முதற் குப்பியாக இதனை ஒப்புவிக்கச் சித்தமாயிருக்கிறேன்.